கருமையில் பிறந்த நீலம்

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த சோதனை நியூட்டன் வளையங்கள். சோடியம் விளக்கொளியில், வில்லைக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே மஞ்சளும் கறுப்புமாகத் தோன்றும் வளையங்களை எண்ணி, விட்டங்களை அளந்து, வில்லையின் வளைவு ஆரத்தையும் கணக்கிட்டுவிட்டேன். விடை சரிதான். பிறகு வைவாவில் தேர்வாளர் கேட்டார்: "இந்த வித்தையை இந்த அறைக்கு வெளியே எங்கேயப்பா பார்த்திருக்கிறாய்?" நான் விழித்தேன். "வீட்டில் மயிலிறகு இருந்தால் எடுத்துப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மதிப்பெண் போனது போகட்டும். கேள்வி என்னை விடவில்லை.

மயிலிறகு வீட்டில் இருந்தது. விராலிமலைக்குப் போனபோது அக்காள் வாங்கி வந்தது. புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று நம்பிக் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் அதைத் திருப்பிப் பார்த்தது அன்றுதான். பின்புறம் வெறும் பழுப்பு! சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நீலம் மறைந்து அதே பழுப்பு. அக்காளுக்குத் தெரியாமல் கண்ணின் நடுவிலிருந்து சில இழைகளைப் பிய்த்து அம்மியில் வைத்து நசுக்கித் தேய்த்தேன். மிஞ்சியது கரும்பழுப்பு. பாட்டிக்கு வியப்பே இல்லை. "விக்கலுக்குச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோமே, அதுவும் கறுப்புத்தானேடா!" என்றார். (எதைச் சுட்டாலும் கறுக்கும் என்பதால் இச்சான்றை நான் ஏற்கவில்லை.)

செம்பருத்தியை நசுக்கினால் சாறும் சிவப்பாகவே இருக்கும். அதில் சாயம் உண்டு. பிற நிறங்களை விழுங்கிச் சிவப்பைத் திருப்பித் தருகிறது. மயிலின் நீலத்துக்கோ சாயமே கிடையாது. அங்கே இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் கோல்கள், அடுக்கி வைத்த விறகுக் கட்டைகள்போல், அடுக்கடுக்காக ஒழுங்காக நிற்கின்றன. வெள்ளொளி விழும்போது ஒவ்வோர் அடுக்கும் சிறிதளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் அலைகளில் முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி வலுக்கும். முகடும் அகடும் சேர்ந்தால் அழியும். எந்த நிறம் வலுக்க வேண்டும் என்பதை அடுக்குகளின் இடைவெளியே முடிவு செய்கிறது. 2003ஆம் ஆண்டில் சீன இயற்பியலாளர்கள் இதை அளந்து வெளியிட்டனர். நீலப் பகுதியில் இடைவெளி சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150. பத்து நானோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டில் நீலம் பச்சையாகிவிடுகிறது!

என் சோதனையில் இந்த இடைவெளியின் வேலையைச் செய்தது வில்லைக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த காற்றுப் படலம். சோப்புக் குமிழியிலும், மழை நாளில் பேருந்து நிலையத்தில் தேங்கிய நீர்மேல் மிதக்கும் எண்ணெயிலும் நடப்பது இதுவே. ஆயிரம் முறை தாண்டிப் போயிருக்கிறேன்!

1665லேயே ராபர்ட் ஹூக், மயிலிறகை நீரில் நனைத்தால் நிறங்கள் மறைவதை எழுதிவைத்தார். 1704இல் நியூட்டன், அந்நிறங்களுக்கு இறகின் நுண்பகுதிகளின் மெல்லிய தன்மையே காரணம் என்றார். ஆனால் ஒளியைத் துகள்களாகவே அவர் கருதினார். 1801இல் ஒளியை அலையாகக் கொண்ட தாமஸ் யங், நியூட்டனின் அளவுகளைக் கொண்டே ஒளியின் அலைநீளங்களைக் கணக்கிட்டார். அளந்தவர் ஒருவர், பொருள் கண்டவர் மற்றொருவர். நானும் பொருள் தெரியாமல் அளந்தவன்தான். ஆயினும் நியூட்டனோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வதாக நண்பர்கள் எண்ண வேண்டாம்.

உயிர்க்காட்சிச் சாலைகளில் வெள்ளை மயிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் இறகில் மெலனின் இல்லை. கறுப்பு இல்லாததால் நீலமும் இல்லை.

இறகின் கண்ணில் வழுக்கை விழுந்திருந்ததை அக்காள் மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். இல்லாத நீலத்தைப் பிய்த்ததில் என்ன நஷ்டம் என்று வாதாடிப் பார்த்தேன். "இல்லாததை அப்படியே திருப்பி ஒட்டிக் கொடு" என்றாள்.