பாவுத் தெருவிலிருந்து தொழிலுறப்பு வரப்பு வரை

வேலையிடத்தில் யார் சொல்வது, யார் கேட்பது? தொழிலாளிக்குத் தன் வேலையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டா? மேலாண்மைக் கல்லூரிகள் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்விகளைச் சுற்றியே நூல்கள் எழுதி வருகின்றன. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்து ஊர்களில், இதே கேள்விகளுக்கு ஏட்டை விரிக்காமலே இருமுறை நல்ல விடை கிடைத்தது. முதல் விடை பாலராமபுரத்து நெசவுத் தெருவில். இரண்டாவது, நம் காலத்தில், மலையாளத்தில் தொழிலுறப்பு எனப்படும் வேலை உறுதித் திட்டப் பெண்கள் மண் வெட்டும் வரப்பில்.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில் பக்கத்துச் சாலியர் நெசவுக் குடும்பங்கள் பாலராமபுரத்தில் குடியமர்த்தப்பட்டன. ஏழு குடும்பங்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அரசரின் பெயரே ஊருக்கும் ஆனது. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று வீதிகள் எழுந்தன. வீட்டுக்குள் குழித்தறி, வாசலில் தெரு. நெய்தது மெல்லிய பருத்தி முண்டும் நேரியதும். வீட்டுப் பேச்சு தமிழ்.

அந்தத் தெருவே அவர்களுடைய தொழிற்கூடமாகவும் இருந்தது. தறியில் ஏறும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்ற வேண்டும். விடிவதற்கு முன்பே நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைப் பூசி, இருபுறமும் ஆட்கள் நின்று, நீளமான பிரஷ்ஷால் ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே நடப்பார்கள். இடையில் இழை அறுந்தால் அங்கேயே முடிச்சு விழ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நூல் விறைத்து ஒடியும். மழைத் தூறல் விழுந்தால் அன்றைய பாடு வீண். ஒரு வீட்டுப் பாவை அந்த வீட்டாரால் மட்டும் முடிக்க முடியாது. அடுத்த வீட்டார் கை கொடுக்க வேண்டும். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போக வேண்டும்.

இந்த வேலைக்குத் தலைவர் இருந்தார். எப்போது தொடங்குவது, கஞ்சி எவ்வளவு இறுகலாம், எப்போது சுருட்டுவது என்பதைக் கைப்பழக்கம் மிகுந்த ஒரு மூத்தவர் சொல்வார். அவரும் பிரஷ் பிடித்தே நின்றார். அவர் சொல்லை மற்றவர்கள் ஏற்றதற்குக் காரணம் பதவி அல்ல. வானத்தையும் நூலையும் அவர் சரியாகப் படிப்பார் என்பதுதான். 1925இல் நியூயார்க்கில் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அம்மையார் ஆற்றிய உரையொன்றில் இந்தக் கருத்து கோட்பாடாக வந்தது. ஒருவர் மற்றொருவருக்குக் கட்டளையிடக் கூடாது. இருவரும் சேர்ந்து சூழ்நிலை கேட்பதைக் கண்டறிந்து அதற்குப் பணிய வேண்டும் என்றார் அவர். மற்றவர்மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, மற்றவரோடு சேர்ந்து பெறும் அதிகாரம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். பாவுத் தெருவைப் பார்த்திருந்தால் அவருக்கு வேறு சான்று தேவைப்பட்டிருக்காது.

ஃபாலெட்டுக்கு முன்பே உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது. 1911இல் ஃபிரெடரிக் டெய்லர் அறிவியல் மேலாண்மை நூலை வெளியிட்டார். சிந்திப்பது மேலாளர் வேலை, செய்வது தொழிலாளி வேலை என்ற பிரிவினை அங்கே உறுதிப்பட்டது. பாலராமபுரத்துக்கு டெய்லர் வரவில்லை. ஆனால் அதே பிரிவினையை நூல் கொடுக்கும் முதலாளி கொண்டுவந்தார். நூலும் கசவுச் சரிகையும் அவருடையவை. என்ன நெய்வது, எத்தனை நெய்வது, எந்தக் கடைக்கு என்பதும் அவர் முடிவு. தறி மட்டும் நெசவாளியின் வீட்டில். முன்பணம் வாங்கியவர் வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. விடியலில் பாவுத் தெரு பழையபடியே இயங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த எல்லா முடிவும் நெசவாளியின் கையை விட்டுப் போயிற்று. பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. ஊடு நூலைத் தாரில் சுற்றித் தருபவர்கள் அவர்களே; தார் சுற்றாமல் எந்தத் தறியும் ஓடாது. ஆனாலும் அந்த வேலை வீட்டு வேலையின் கணக்கில் கரைந்துபோனது.

இந்த முதலாளி முறைக்கு மாற்றாகத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. நாகர்கோவில் வடசேரி நெசவாளியும் பாலராமபுரத்து நெசவாளியும் இரண்டு அரசுகளின் கீழ் வந்தார்கள். 1961இல் கேரளத்தில் கைத்தறிக் கூட்டுறவுகளின் தலைமைச் சங்கமான ஹேன்டெக்ஸ் உருவானது. வடக்கே கண்ணூரில் ஒரே கூரையின் கீழ் பல தறிகள் இயங்கும் தொழிற்கூடச் சங்கங்கள் வேரூன்றின. தெற்கே வீட்டுத் தறிகளை இணைக்கும் குடிசைவகைச் சங்கங்கள். இந்த வேறுபாட்டுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஒரே கூடத்தில் நெய்கிறவர்கள் தினமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பேசினார்கள், சங்கத்தைத் தட்டிக் கேட்டார்கள். வீட்டில் தனித்து நெய்தவருக்குச் சங்கம் என்பது நூல் வாங்கித் துணி கொடுக்கும் கவுன்டராகச் சுருங்கியது. உறுப்பினருக்கு வாக்கு இருந்தது. வேலையைப் பற்றிய பேச்சில் இடம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

குழுவிடம் பொறுப்பை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நெசவுச் சான்று உண்டு. 1953இல் அகமதாபாத் காலிகோ மில்லில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஒரு பரிசோதனை செய்தார். தானியங்கித் தறிக்கூடத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் துண்டு துண்டான ஒரே வேலையைச் செய்துவந்தார்; எவருக்கும் எந்தத் தறியும் சொந்தமான பொறுப்பு அல்ல. சிறு குழுக்கள் அமைத்து, ஒவ்வொரு குழுவும் குறிப்பிட்ட தறிகளை முழுமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரைஸ் சொன்னதும், தொழிலாளர்கள் தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, பழுதுத் துணி குறைந்தது. 1970இல் அவருடைய சக ஆய்வாளர் எரிக் மில்லர் மீண்டும் போனபோது ஓரிடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. வேறிடத்தில் தேய்ந்து, பழைய மேற்பார்வை திரும்பியிருந்தது. குழு தோற்றதல்ல காரணம். குழுவைச் சுற்றிக் காக்க வேண்டிய நிர்வாகம் கைவிட்டதே காரணம். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பாலராமபுரத்துக்கும் பாறசாலைக்கும் வருவோம்.

இன்று பாலராமபுரத்தில் பாவுக்கு ஆள் சேர்ப்பதே கடினம். துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தறியில் உட்கார இளையவர் இல்லை. பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் நெய்யும் அரசுத் திட்டம் 2017இல் வந்தபின் வேலை கூடியது. கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலங்களும் வந்தன. நெசவாளியின் பிள்ளைகள் படித்து வெளியே போகிறார்கள். சிலருக்குக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. அங்கே காலையில் குழுவாக நின்று, நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன, எங்கே தடை என்று பேசிவிட்டுத்தான் மென்பொருள் வேலை தொடங்குகிறது. தாத்தா தெருவில் செய்ததைப் பேரன் நவீன முறையென்று பயிற்சி வகுப்பில் கற்கிறான்.

பெண்களின் கதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 1998இல் கேரள அரசின் பெண்கள் இயக்கமான குடும்பஸ்ரீ தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், அதன்மேல் வார்டு அளவில் ஒன்று, ஊராட்சி அளவில் ஒன்று என்று தேர்தல் மூலம் அமைந்த மூன்றடுக்கு. 2008 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வேலை உறுதித் திட்டம் வந்தபோது, வேலையிடத்தை நடத்தும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்குப் போகவில்லை. சட்டமே ஒப்பந்தக்காரரை விலக்கியது. வார்டு அளவிலான குடும்பஸ்ரீ பெண்களிலிருந்து மேட் எனப்படும் வேலையிடப் பொறுப்பாளர் வந்தார். பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் ஊராட்சிகளில் வரப்பு வெட்டும் இடத்துக்குப் போனால் அந்த மேட் அக்காவைப் பார்க்கலாம். வருகைப் பதிவு, வேலை அளவு, குடிநீர், முதலுதவி எல்லாம் அவர் பொறுப்பு. வயதான அம்மச்சிக்கு நிழலில் செய்யக்கூடிய வேலை, முதுகுவலிக்காரிக்கு மண்வெட்டி இல்லாத வேலை என்று பிரித்துக் கொடுக்க அவரால் முடியும், ஏனென்றால் ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும். அந்தி சாய்ந்தால் அவரும் அதே அயல்கூட்டத்தில் பாய் விரித்து உட்கார வேண்டியவர். தவறு செய்தால் அங்கே கேட்பார்கள். பழைய கங்காணியிடம் இல்லாதது இந்தப் பதில் சொல்லும் கடமைதான். கேரளத்தில் இத்திட்டத்தின் வேலைநாட்களில் பத்தில் ஒன்பது பங்கு பெண்களுடையது என்பதற்கு இந்த அமைப்பும் ஒரு முக்கியக் காரணம்.

 

மேட் அக்காவின் கண் இப்போது வேறு திசைக்குத் திருப்பப்படுகிறது. 2023 ஜனவரி 1 முதல் வருகையைக் கைபேசிச் செயலியில், நாளுக்கு இருமுறை, இடக்குறியோடு கூடிய புகைப்படமாக ஏற்ற வேண்டும் என்ற விதி, தனிநபர் பயனாளி வேலைகளைத் தவிர, எல்லா வேலையிடங்களுக்கும் கட்டாயமானது. போலி வருகையைத் தடுப்பது நியாயமான நோக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் படம் ஏறாவிட்டால், உழைத்தவளின் கூலி சிக்குகிறது. வேலையைப் பார்க்க வேண்டியவர் திரையைப் பார்க்கிறார். தோழிகளுக்குப் பதில் சொன்னவர் சர்வருக்குப் பதில் சொல்கிறார். வேலையை நொடி நொடியாக அளந்த டெய்லரின் நிறுத்தற்கடிகாரம் கைபேசிக்குள் புகுந்திருக்கிறது. அகமதாபாத்தில் குழுமுறை தேய்ந்தபோது திரும்பிய அதே மேற்பார்வை இங்கேயும் தொடங்கிவிட்டது.

எனவே ஊராட்சிகளுக்கும் திட்ட அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படம் ஏறாத நாளில் மேட்டும் குழுவும் கையெழுத்திட்ட பதிவேட்டையே கூலிக்குப் போதுமான சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். கைத்தறிச் சங்கங்களுக்கும் ஒன்று: தார் சுற்றும் பெண்களை உறுப்பினராக்கி, கூலியும் வடிவமும் முடிவாகும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். திருவனந்தபுரத்தின் மேலாண்மைக் கல்லூரி ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை ஒரு வாரம் இரட்டைத்தெருவுக்கும் காரோட்டு வரப்புக்கும் அனுப்புங்கள். பாவு இழுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.