தவணை வேறு, தள்ளுபடி வேறு: கொரோனாச் சட்டங்களைப் படித்த மணிலாக் கடைக்காரர்கள்

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சிவில் சட்டக்கோவையில் மூன்றாவது பிரிவு இது. அதற்கு முந்திய பிரிவோ, சட்டத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, பிரசுரமாகிப் பதினைந்து நாள் சென்ற பின்பே ஒரு சட்டம் அமுலுக்கு வரும் என்கின்றது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒருவனுக்குச் சொல்லாமல் அவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? மார்க்கோஸ் காலத்தில் ஜனாதிபதியின் கட்டளைகள் பல வர்த்தமானியில் வராமலே அமுலாகின. லொரென்சோ டன்யாடா என்ற முன்னாள் செனட்டர் வழக்காடினார். பிரசுரமாகாத சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 1985இலும் மீண்டும் 1986இலும் சொன்னது.

சரி, பிரசுரமானால் சாதாரண மனிதனுக்கு விளங்கி விடுமா? 2020 மார்ச்சில் அந்த நாட்டு மக்கள் பட்ட பாடு இதற்குப் பதில் சொல்லும்.

மார்ச் 16ஆம் திகதி அறிவித்து, அன்று நள்ளிரவு முதலே லூசோன் தீவு முழுவதையும் மூடினார்கள். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தீவு அது. ஜீப்னி வண்டிகள் நின்றன. மணிலாவில் அவற்றில் ஒரு பகுதி திரும்ப ஓடியது ஜூலையில்தான். வீட்டுக்கு ஒருவர் மட்டும் பாஸ் எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போகலாம் என்றார்கள். பிறகு ஈ.சி.கியூ., எம்.ஈ.சி.கியூ., ஜி.சி.கியூ., எம்.ஜி.சி.கியூ. என்று நான்கு வகைத் தனிமைப்படுத்தல் வந்தது. மருந்துக் கடைத் துண்டைப் போல இருக்கும் இந்த எழுத்துக்களை மனனம் செய்தால்தான் இன்று கடை திறக்கலாமா இல்லையா என்று தெரியும். ஜனாதிபதி டுட்டெர்ட்டே இரவு நேரம் கழித்துத் தொலைக்காட்சியில் பேசுவார். அவர் சொன்னதன் அர்த்தம் என்ன என்று பின்னர் பேச்சாளர் விளக்குவார். சட்டமோ ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவதோ தகலொக், செபுவானோ, இலோக்கானோ, மரனாவ். சுமார் 42,000 பரங்காய்கள், அதாவது கிராம சேவகர் பிரிவு போன்ற சின்னச் சின்ன நிர்வாகங்கள், அங்கே உண்டு. மக்களுக்கு அரசாங்கம் என்றால் பரங்காய்த் தலைவர்தான்.

நான் கல், முத்து வியாபாரத்தில் இருப்பவன். மணிலாவில் முத்து விற்கும் மரனாவ் முஸ்லிம் ஒருவருடன் எனக்குப் பல வருடப் பழக்கம். கடை பூட்டியிருந்த காலத்தில் தொலைபேசியில் அடிக்கடி பேசுவோம். அவர் சொன்ன ஒரு விடயம் நமது வியாபாரிகளுக்கு மிகவும் பிரயோசனமானது.

மார்ச் 24இல் கையொப்பமான 11469ஆம் இலக்கச் சட்டம், கடனுக்கும் வாடகைக்கும் குறைந்தது 30 நாள் தவணை கொடுக்கச் சொன்னது. மறுப்பவருக்கு இரண்டு மாதச் சிறை, அல்லது 10,000 முதல் பத்து இலட்சம் பெசோ வரை தண்டம், அல்லது இரண்டும். செய்தி பரவியதும் நண்பர் இருந்த கட்டடத்தில் கடைக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு மாத வாடகை போச்சு, கட்டத் தேவையில்லை என்று பேச்சு. கட்டடக்காரரோ சட்டத்தின் பிரதியைக் கொண்டு வந்து காட்டினார். அதில் வீட்டு வாடகை என்றே இருந்தது. கடை வாடகை என்ற சொல்லே இல்லை. அவர் சொன்னதில் பொய் கிடையாது.

நண்பரின் தங்கை மகள் அப்போது சட்டம் படித்துக் கொண்டிருந்தாள். சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு நிற்காமல், அதன் கீழ் வந்த சுற்றுநிருபங்களையும் தேடினாள். வர்த்தக, கைத்தொழில் திணைக்களம் ஏப்ரலில் வெளியிட்ட ஒன்று கிடைத்தது. முடக்கத்தால் தொழிலை நிறுத்திய நுண், சிறு, நடுத்தர வியாபாரங்களின் கடை வாடகைக்கும் இந்தச் சலுகை உண்டு என்று அதில் இருந்தது. காணியைச் சேர்க்காமல் 30 இலட்சம் பெசோ வரை சொத்துள்ளது நுண் வியாபாரம், பத்துக் கோடி வரை நடுத்தரம். ஆகவே அந்தக் கட்டடத்துக் கடைகள் எல்லாமே உள்ளே வந்து விட்டன. வட்டி இல்லை, தண்டம் இல்லை. ஆனால் வாடகை வாடகைதான். சேர்ந்த தொகையை முடக்கம் முடிந்த பின் ஆறு மாதத்தில் சமமாகப் பிரித்துக் கட்ட வேண்டும்.

அவள் இதைத் தகலொக்கிலும் மரனாவிலும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதினாள். இது உங்களுக்குப் பொருந்துமா, எத்தனை நாள், பிறகு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மட்டுமே அதில் இருந்தது. மாதம் 12,000 பெசோ வாடகைக்காரர் இரண்டு மாதம் பிந்தினால் 24,000. அதை ஆறாகப் பிரித்தால் மாதம் 4,000. வழமையான வாடகையோடு சேர்த்து 16,000 என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்த 16,000ஐப் பார்த்த பிறகுதான் பலர் கையிலிருந்த காசைச் செலவழிக்காமல் ஒதுக்கினார்களாம். பெரிய சட்டத்தரணிகள் எழுதும் விளக்கங்களில் எனக்குள்ள குறை இதுதான். பிரிவு, உபபிரிவு எல்லாம் இருக்கும், கடைக்காரன் கட்ட வேண்டிய தொகை இருக்காது.

செப்டெம்பர் 11இல் வந்த இரண்டாவது சட்டம், 11494, கடனுக்கு ஒரு தடவை 60 நாள் தவணை கொடுத்தது. அதையும் சிலர் கடன் தள்ளுபடி என்றே நினைத்தார்கள்.

விளக்கம் இல்லாவிட்டால் நல்ல ஏற்பாடும் பயமுறுத்தும். 2020 ஜூனில் உள்நாட்டு இறைவரிப் பணியகம், இணையத்தில் பொருள் விற்பவர்கள் ஜூலை 31க்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்று சுற்றுநிருபம் விட்டது. தொழில் போய், வீட்டில் கேக்கும் மீன் ஊறுகாயும் செய்து விற்றுக் கொண்டிருந்த பெண்கள் கலங்கிப் போனார்கள். நாடெங்கும் கூச்சல். வருடத்தில் 250,000 பெசோவுக்குள் வருமானம் உள்ளவருக்கு வருமான வரி கிடையாது என்பது 2018 முதல் அமுலில் இருந்த சட்டம். பதிவு வேறு, வரி வேறு என்பதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கூச்சலுக்குப் பிறகே அதிகாரிகள் விளக்கினார்கள், காலத்தையும் ஓகஸ்ட் வரை நீடித்தார்கள். அப்போது வருடப் பதிவுக் கட்டணம் 500 பெசோ. 2024இல் அதை நீக்கி விட்டார்கள்.

நண்பரின் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அக்காலத்தில் இணையத்தில் அபாயா விற்றார்கள். தங்கை மகளிடம் கேட்டு மனைவி பதிவு செய்து கொண்டார், இன்றும் விற்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் வரிக்காரர் வருவார் என்று பயந்து, கையிலிருந்ததை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டுத் தொழிலை விட்டார். அவருடைய வருட விற்பனையே ஒரு இலட்சம் பெசோவைத் தாண்டியிருக்காது என்கிறார் நண்பர்.