நடுத்தர வயதில் நீச்சல்: மூச்சு முட்டுவது ஏன்?

குருசுக்குப்பத்துக் கடலோரக் குடும்பங்களில் நீச்சலை எவரும் பாடமாகக் கற்பிப்பதில்லை. நடை பழகுவதுபோல அதுவும் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. ஆனால் நாற்பது வயதில் முதன்முறையாக நீரில் இறங்குவோரின் நிலை வேறு. டிரையத்லான் போட்டிக்குப் பயில்வோர் சிலர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். பத்து கிலோமீட்டர் தூரம் சிரமமின்றி ஓடும் இவர்களுக்கு, நீச்சல் குளத்தில் ஐம்பது மீட்டர் கடப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. தம் இதயத்தில் ஏதேனும் கோளாறோ என்பதே அவர்களது கேள்வி.

பெரும்பாலும் கோளாறு இதயத்தில் இல்லை. மூச்சை வெளிவிடாததில் இருக்கிறது. முகம் நீருக்குள் இருக்கையில் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் வெளிவிடவும் உள்ளிழுக்கவும் முயல்கிறோம், இரண்டும் அரைகுறையாகின்றன. உடலில் கரியமில வாயு சேர்கிறது. மூச்சுத்திணறல் உணர்வைத் தூண்டுவதில் ஆக்சிஜன் குறைவைவிட இவ்வாயுவுக்கே பங்கு அதிகம். திணறல் வந்ததும் தலை மேலே எழுகிறது, இடுப்பும் கால்களும் கீழே தாழ்கின்றன. காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியான நீரை அதன்பின் உடல் முழுவதாலும் தள்ள வேண்டியிருக்கிறது. கைகளை வேகமாக வீசுவதால் இது தீராது.

ஆகவே முதல் சில நாட்கள் தூரத்தை மறந்துவிடுங்கள். மார்பளவு நீரில் நின்று, முகத்தை நீருக்குள் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழிகளாக மெதுவாக மூச்சை விட்டுப் பழகுங்கள். பின்னர் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் நிறுத்தி ஓய்வெடுக்கலாம் என்பதை உடல் அறிந்துகொண்டால் பதற்றம் பாதியாகக் குறைவதை நாங்கள் கண்டிருக்கிறோம். நீந்துகையில் பார்வை குளத்தின் தரையை நோக்கி இருக்கட்டும். மூச்செடுக்கத் தலையைத் தூக்காமல், தோளோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கடலில் திசையறிய, கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வந்தால் போதும். நீருக்குள் நெடுநேரம் இருப்பதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சிழுக்கும் வழக்கம் ஆபத்தானது. எச்சரிக்கை உணர்வே எழாமல் மயக்கம் வந்துவிடும்.

இனி இதயத்தைப் பற்றி. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த 135 மரணங்களையும் இதயத்துடிப்பு நின்ற நிகழ்வுகளையும் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை; பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது ஏறத்தாழ 47. கழுத்தளவு நீரில் இருக்கையில் நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது. அத்துடன் பதற்றமும் உழைப்பும் ஒருசேர இதயத்தின் மீது விழுகின்றன. திறமை மட்டுமே காப்பு ஆகாது. 1971-இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார்.

எனவே நாற்பதைக் கடந்தோர் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்ட பின் பயிற்சியைத் தொடங்குவது நன்று. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்று நாங்கள் கேட்போம். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் காரணமின்றி நீரில் மூழ்கி இறந்திருந்தால், அதையும் கூறத் தயங்க வேண்டாம். கடலின் மீது பழி போட்டு நாம் மறந்துவிடும் இத்தகைய மரணங்களில் சில, இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் நேர்பவை. அது பரம்பரையாகவும் வரக்கூடும், ஈ.சி.ஜி.யில் பல நேரங்களில் தெரிந்துவிடும்.

நீந்தும்போது இருமல், நெஞ்சில் களகளவென்ற ஒலி, இளஞ்சிவப்பு நுரையுடன் சளி ஆகியவை தோன்றினால் அது களைப்பன்று. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு இதன் வாய்ப்பு அதிகம். உடனே கரையேறி, நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவமனைக்கு வாருங்கள்; உடன் வந்தவர் வண்டி ஓட்டட்டும். வலிப்பு நோய் உள்ளோரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் தனியாக நீந்தவே கூடாது.

கடற்பயிற்சிக்குக் குருசுக்குப்பத்துக் கரை ஏற்றதன்று. மண்ணரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களின் மீது அலை மோதுமிடத்தில் இறங்குவதும் கடினம், ஏறுவது அதைவிடக் கடினம். மணற்கரையுள்ள இடத்தில், துணையுடன், அன்றைய கடலின் போக்கை மீனவரிடம் கேட்டறிந்து இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குளமே போதும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகுங்கள். இயலாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

பரிசோதனைக்கு வரும்போது, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அதையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.