மானுடப் புலங்களும் திறனாய்வு நோக்கும்: உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்து

மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், கலை ஆகியவற்றின் வழி மனித வாழ்வின் பொருளை ஆராய்வன மானுடப் புலங்கள். இவற்றில் சான்றைத் திரட்டுவதோடு அதனை வினவுதலும் இன்றியமையாதது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 921-இல் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, குடவோலை முறையை விளக்குகிறது. இது மக்களாட்சியின் சான்றாகப் போற்றப்படுகிறது. ஆயின், கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை அகவை, வேதப் பயிற்சி ஆகியன தகுதிகளாக விதிக்கப்பட்டிருந்தன. இவ்விதிகளின்படி, ஐயம்பேட்டை போன்ற நெசவூரில் தறியையே வாழ்வாகக் கொண்ட நிலமற்றவர் பெயர் குடத்துள் இடம்பெற இயலாது.

கல்வெட்டு எவரை விலக்குகிறது என வினவுவது அதன் பெருமையைக் குறைப்பதன்று. கணக்குக் காட்டாத வாரியத்தாரைத் தகுதியிழக்கச் செய்த அதன் நெறியையும், அந்நெறியின் எல்லையையும் ஒருசேரக் காண்பதே திறனாய்வு.