உயர்தரப் பெற்றோல்: ஊதியமா, வீண் செலவா?

விலை மிகுந்த பெற்றோல் காருக்கு வலிமை தரும் என்னும் எண்ணம் மோட்டார்க் கார் வைத்திருப்போர் பலரின் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில் திகனவில் வாழும் யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். பதினெட்டு வளைவுகளில் ஏறி இறங்கும் காருக்குச் சிறந்த உணவு கொடுத்தல் வேண்டுமன்றோ என்பது எமது வாதம். அவ்வாதம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் நாட்டில் பெரும்பாலும் 92, 95 என்னும் இருவகைப் பெற்றோல் விற்கப்படுகின்றன. இவ்வெண்கள் ஒக்டேன் எண்களாம். இவை எரிபொருளின் ஆற்றலை அளப்பன அல்ல. அதன் பொறுமையை அளப்பன. இயந்திரத்தின் உருளையுள் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகின்றது. உரிய வேளையில் பிளக்கின் தீப்பொறியால் அது சீராக எரிதல் வேண்டும். அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானே வெடித்தால், 'டக் டக்' என்னும் ஒலி எழும். இதனை 'நொக்கிங்' என்பர். நீடித்தால் அது இயந்திரத்தைச் சிதைக்கும்.

இதனை அளக்க 1926 ஆம் ஆண்டில் கிரகாம் எட்கர் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் ஓர் அளவுகோல் வகுத்தார். எளிதில் தானே வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 எனவும், நன்கு தாங்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100 எனவும் மதிப்பிட்டனர். நொக்கிங்கைத் தடுப்பதற்காக 1921 இல் தோமஸ் மிட்ஜ்லி கண்ட ஈயக் கலவை பல்லாண்டுகள் பெற்றோலிற் சேர்க்கப்பட்டது. ஈயம் மூளைக்கு நஞ்சாதலின், இலங்கை 2002 இல் அதனைக் கைவிட்டது.

ஆகவே 95 என்பது கூடுதலான அழுத்தத்தைத் தாங்கும் என்பதே பொருள். அவ்வளவு அழுத்தம் இல்லாத இயந்திரத்தில் அப்பொறுமைக்கு வேலையில்லை. மழையில்லாத நாளிற் பிடிக்கும் குடையை இதற்கு உவமையாகக் கூறலாம்.

அமெரிக்க மோட்டார்ச் சங்கமாகிய 'ட்ரிபிள் ஏ' 2016 இல் இதனைச் சோதித்தது. சாதாரணப் பெற்றோலுக்கென அமைந்த கார்களில் உயர்தரப் பெற்றோலை ஊற்றியபோது, வலுவிலோ சிக்கனத்திலோ குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. அந்நாட்டார் ஓராண்டில் 210 கோடி டொலரை இவ்வாறு வீணாக்கினர் என அது கணக்கிட்டது.

நமது அனுபவத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டில், கியூ.ஆர். முறைப்படி ஒரு காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. அப்பொழுது 92 இன் விலை லீற்றருக்கு 450 ரூபா. 95 இன் விலை 540 ரூபா. 'கிடைக்கும் இருபதும் நெடுந்தூரம் ஓடட்டும்' என்று யாம் 95 ஐயே நிரப்பினோம். வாரந்தோறும் 1,800 ரூபா மிகையாயிற்று. பால்மாவுக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்த்த காலம் அது. அச்செலவு ஈடாக வேண்டுமாயின், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் 14.4 கிலோமீற்றர் ஓடுதல் வேண்டும். சில வாரங்கள் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தோம். ஓட்டத்தில் மாற்றம் காணோம். பையில் மட்டுமே கண்டோம். விலைகள் பின்னர் மாறினும் கணக்கின் வழி மாறாது.

மலையேறுவதற்கு 95 வேண்டாவோ எனின், சுமையுடன் ஏறும்போது நொக்கிங் எழும் வாய்ப்பு மிகும் என்பது மெய்யே. ஆயினும் காரை அமைத்தோர் அச்சுமையையும் எண்ணியே எரிபொருளைக் குறிக்கின்றனர். ஏற்றத்தில் உரிய கியரைப் போடாது இயந்திரத்தை வருத்துவது நம் தவறேயன்றிப் பெற்றோலின் தவறன்று.

எனினும் 95 எவருக்கும் வேண்டாவென்பது எம் கருத்தன்று. டர்போ பூட்டிய கார்களுள்ளும் அழுத்த விகிதம் மிகுந்த கார்களுள்ளும் பல அதனை வேண்டுவன. கைந்நூலில் '95 கட்டாயம்' என்றிருந்தால் அதையே ஊற்றுக. இக்காலக் கார்களில் நொக்கிங்கை உணரும் கருவி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி இயந்திரத்தைக் காக்கும். ஆனால் வலு குறையும்.

கைந்நூலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க நூலில் 87 என்றிருப்பது வேறோர் அளவு; அது நம் 92 ஐ ஏறக்குறைய ஒக்கும். நம் தெருக்களில் ஓடுவன பெரும்பாலும் ஜப்பானியக் கார்கள். அந்நாட்டின் சாதாரணப் பெற்றோலுக்கு விதித்த குறைந்த எல்லை 89 ஆகும். எனவே சாதாரணப் பெற்றோலுக்கென அமைந்த ஜப்பானியக் காருக்கு நம் 92 தாராளமாகப் போதும். 92 இலே நொக்கிங் கேட்குமாயின், விலையுயர்ந்த பெற்றோலால் அவ்வொலியை மறைத்துவிடாது, கராச்சிற் காட்டிக் காரணத்தை அறிக.

வாடகைக்குக் கார் ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பழைய மாணவர் நம்மிடையே உளர். அவர்களுக்கு யாம் கூறுவது இதுவே: விலையை நோக்காதீர், கைந்நூலை நோக்குவீர். மிஞ்சும் பணத்தில் ரயருக்குக் காற்றும், இயந்திரத்துக்கு உரிய வேளையில் எண்ணெயும் இடுவீர். எஞ்சியது பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஆகட்டும். கணக்கறிந்து செலவிடும் பழக்கத்தை நம் கல்லூரி வகுப்பறையிலேயே கற்றோமன்றோ!