சசூன் மருத்துவமனை
பாக்தாத் நகர ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய யூத வணிகர் டேவிட் சசூன், 1832ஆம் ஆண்டளவில் மும்பையில் குடியேறினார். பருத்தி வணிகத்தாலும், சீனத்திற்கு அபினி அனுப்பியதாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். அபினி எண்ணற்ற குடும்பங்களைச் சீரழித்தது என்பதை மறைத்தல் தகாது.

தம் சமூகத்தார் வழிபட மும்பையிலும் புனேயிலும் தொழுகைக்கூடங்கள் கட்டுவித்தார். செங்கல்லால் ஆன புனேக் கூடத்தை மக்கள் ‘லால் தேவுள்’, அதாவது சிவப்புக் கோயில், என்பர். அவர் கல்லறையும் அதன் அருகிலேயே உள்ளது.

அவர்தம் நன்கொடையால் எழுந்த மருத்துவமனையோ யூதருக்கு மட்டும் உரியதன்று. நோயுற்ற ஏழைகள் அனைவருக்குமானது. 1864இல் மறைந்த சசூன், 1867இல் அது திறக்கப்பட்டதைக் காணவில்லை. இன்று அரசு நடத்தும் அம்மருத்துவமனையோடு இணைந்த பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் காசநோய் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.