தெருநாயை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாய் புதிதல்ல. லயத்து வாசலில் படுத்துக் கிடக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்களோடு இருட்டிலேயே கூட நடக்கும். காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்பும். நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. நாய்கள் பல செம்பனைக்குள்ளேயே நின்றுவிட்டன. இன்று அவற்றின் வழிவந்த குட்டிகளுக்குச் சோறு வைப்பவர்களில் உங்கள் வயதுக்காரர்கள் பலர். அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அப்படி ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறோம்.

குட்டிகள் கத்துவது கேட்டவுடன் கையை நீட்டாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வரவில்லை என்றால் தடித்த துண்டால் சுற்றி எடுத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். கால்வாய்க்குழாய்க்குள் வெறுங்கையை விடவேண்டாம். பயந்த குட்டியும் கடிக்கும்.

பெரிய நாயாக இருந்தால் இன்னும் நிதானம் தேவை. நாம் ‘வெறிநாய்’ என்கிறோம், மலாயில் ‘அஞ்சிங் கிலா’ என்கிறார்கள். இரண்டு பெயரும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. நோய் கண்ட நாய் எல்லாம் வெறித்து ஓடிக் கண்டவரைக் கடிப்பதில்லை. சில நாய்கள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், தண்ணீரைக்கூட விழுங்க முடியாது. பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருக்கும். ‘பாவம், எடுத்துவிடுவோம்’ என்று வாய்க்குள் விரலை விடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு நாயைக் கண்டால் தொடாதீர்கள். பேரப்பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

நம் நாட்டில் ஏது அந்த நோய் என்று கேட்கலாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களின் நாய்களிடம் அது மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பரவி, பலரின் உயிரைப் பறித்தது. அவை தூரத்து மாநிலங்கள்தான். ஆனால் நாய்கள் லாரியிலும் காரிலும் மாநிலம் மாறுகின்றன.

வீட்டுக்கு வந்த நாயை முதல் இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள், முக்கியமாக வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால். குட்டிக்கு டின் பால் கரைத்துக் கொடுப்பது நம் பழைய வழக்கம். அதனால் வயிற்றுப்போக்குதான் வரும். கண் திறக்காத குட்டி என்றால் கால்நடை மருத்துவரிடம் குட்டிப்பால் மாவு கேளுங்கள். வளர்ந்த குட்டிக்குக் குழைந்த சோறும் வேகவைத்த கோழிக்கறியும் போதும், எலும்பு வேண்டாம். உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவதும் பழக்கம்தான். அதன் இரத்தம் உங்கள் விரலில் படும். சிறு இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய் மூத்திரம் வழியாகவும் எலிக் காய்ச்சல் கிருமி பரவலாம். அதனால் கழுவும்போது கையுறையும் காலணியும் அவசியம். காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றுக்கு எப்போது வரவேண்டும் என்று மருத்துவர் சொல்வார். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாகக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போடுவார்கள். வளர்ப்பதென்று முடிவு செய்தால் நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுக்கவும் மறக்காதீர்கள்.

இனி, கடித்துவிட்டால். நகம் கீறினாலும், திறந்த புண்ணை நக்கினாலும் இதையே செய்யுங்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பவேண்டாம். பிறகு அன்றே அரசு கிளினிக்குக்கோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போங்கள்.

இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ‘தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி போடுவார்களே’ என்ற பயம். அது கட்டுக்கதை அல்ல. தமிழ்நாட்டின் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில், ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் போட்ட காலம் இருந்தது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்களோடு அந்தக் கதையும் இங்கே வந்தது. அந்த மருந்து இப்போது இல்லை. இன்று கையின் மேற்பகுதியில், சில வாரங்களுக்குள் நான்கைந்து தடவை போடுகிறார்கள். எல்லாக் கடிக்கும் அது வேண்டியதில்லை. காயத்தையும் நாயையும் பற்றிக் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் காத்திருந்து பார்ப்போம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நீரிழிவு இருந்தால் கடித்த காயத்தில் எளிதில் சீழ் பிடிக்கும். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தம் நிற்கத் தாமதமாகும். இரண்டையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லவேண்டாம், விரட்டவும் வேண்டாம். முடிந்தால் மீண்டும் கடிபடாதபடி அடைத்து வைத்து, கால்நடைத் துறைக்குச் சொல்லி, 10 நாள் கவனியுங்கள். பத்தாம் நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். மருத்துவர் அதைக் கேட்டு மீதி ஊசிகளை நிறுத்தவும் கூடும். கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் அடையாள அட்டை, மருந்துப் பை இவற்றோடு நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.